பாடப் பதிவுக்கு முன்னால்

காலை மணி 8.50. கிள்ளானிலிருந்து புறப்பட்ட கொமுட்டர் இரயில் ஷா ஆலாமைத் தாண்டிச் சுபாங் ஜெயாவை நெருங்கிக்கொண்டிருக்கிறது. சன்னலோரம் அமர்ந்திருக்கும் பல்கலைக்கழக மாணவி திறன்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சரியாக மணி 9.00க்கு அடுத்த பருவத்திற்கான பாடப் பதிவு இயங்கலையில் திறக்கும். அந்த நொடியில் அவளைப் போலவே ஆயிரக்கணக்கானோர் அதே பக்கத்தைத் தட்டுவார்கள். சில பாடங்களின் பிரிவுகள் சில நிமிடங்களிலேயே நிறைந்துவிடும். இணையத் தொடர்பு அறுந்தால் என்ன செய்வது, பக்கம் சுழன்றுகொண்டே இருந்தால் என்ன செய்வது என்று அவள் மனம் படபடக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு இருமுறை காணக்கூடிய காட்சி இது. பந்தாய்ப் பள்ளத்தாக்கில் மலாயாப் பல்கலைக்கழகம், பாங்கியில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம், இவற்றோடு சுபாங், பெட்டாலிங் ஜெயா வட்டாரங்களில் பல தனியார் பல்கலைக்கழகங்கள் என ஒன்றையொன்று ஒட்டியே உயர்கல்விக் கூடங்கள் அமைந்துள்ளன. எந்த இணையத்தளத்தில் பதிவு செய்வது என்பது இடத்துக்கு இடம் மாறும். மலாயாப் பல்கலைக்கழக மாணவர்கள் பயன்படுத்தும் தளத்தின் பெயர் ‘மாயா’. பதிவு நாளன்று பாடங்கள் மாயமாக மறைவதைக் கண்ட மாணவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பரபரப்பைப் பார்க்கும் எவரும் பாடப் பதிவு என்பது விரல் வேகத்தைப் பொறுத்தது என்றே எண்ணுவர். உண்மையில் அந்தக் காலை மணி 9.00க்கு நடப்பதில் பெரும்பகுதி, ஐந்தாறு வாரங்களுக்கு முன்பே ஒரு சிறிய அறையில் முடிவாகிவிடுகிறது. அது கல்வி ஆலோசகரின் அறை.

கல்வி ஆலோசகர் என்பவர் நம் நாட்டில் பெரும்பாலும் தனிப் பதவியில் இருப்பவர் அல்லர். வகுப்பில் பாடம் நடத்தும் விரிவுரையாளரே, தமக்கு ஒதுக்கப்பட்ட மாணவர்களுக்கு ஆலோசகராகவும் இருப்பார். மாணவர் தேர்ந்தெடுக்கும் பாடங்களைப் பார்த்து ஒப்புதல் தருவது அவருடைய பணிகளுள் ஒன்று. தாள் படிவம் இருந்த காலத்தில், பாடக் குறியீடுகளை எழுதி, ஆலோசகரிடம் கையொப்பம் வாங்கி, புல அலுவலகத்தின் முன் வரிசையில் நிற்க வேண்டும். இன்று அந்தக் கையொப்பம் பல இடங்களில் ஒரு சொடுக்காகச் சுருங்கிவிட்டது. சுருங்கியதாலேயே அதைச் சடங்காக நினைக்கும் மாணவர்களும் பெருகிவிட்டனர்.

ஆலோசகர் என்பவர் ஏன் தேவைப்பட்டார் என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ஒருகாலத்தில் பல்கலைக்கழகங்களில் எல்லா மாணவரும் ஏறத்தாழ ஒரே பாடங்களையே படித்தனர். தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லாதபோது வழிகாட்ட ஆளும் தேவையில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1869இல் தலைவராகப் பொறுப்பேற்ற சார்லஸ் எலியட், மாணவர்கள் தங்கள் பாடங்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் முறையைப் பெரிய அளவில் விரிவாக்கினார். நாற்பது ஆண்டுகள் அவர் அப்பதவியில் இருந்தார். தெரிவு பெருகப் பெருகக் குழப்பமும் பெருகியது. எதை முதலில் படிப்பது, எதைப் பின்னர்ப் படிப்பது என்று கேட்டறிய ஒருவர் வேண்டியிருந்தது. சுதந்திரம் கொடுத்த அதே ஏற்பாடுதான் ஆலோசகரையும் உருவாக்கியது எனலாம்.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தோன்றியது. அதன் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கப்பட்டுப் பின்னர்க் கோலாலம்பூருக்கு இடம் மாறியது. அக்காலத்தில் பிரிட்டிஷ் மரபையொட்டிய ஆண்டு முறையே நடப்பில் இருந்தது. பாடங்கள் ஆண்டுக் கணக்கில் அமைந்தன, தெரிவுகளும் குறைவு. பின்னாளில் பருவமுறையும் கிரெடிட் முறையும் வந்த பிறகுதான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாணவர் தம் படிப்பைத் தாமே கட்டமைக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

கிரெடிட் என்ற சொல்லைப் பலரும் ஏதோ ஒரு மதிப்பெண் என்றே நினைத்துக்கொள்கின்றனர். அது நேரத்தின் அளவு. மலேசியத் தகுதி முகமையின் கணக்குப்படி ஒரு கிரெடிட் என்பது மாணவர் கற்றலுக்குச் செலவிடும் 40 மணி நேரம் ஆகும். விரிவுரை, பயிற்சி வகுப்பு, நூலகத்தில் படித்தல், இடுபணி எழுதுதல், தேர்வு எல்லாம் அதற்குள் அடங்கும். இளங்கலைப் பட்டத்திற்குக் குறைந்தது 120 கிரெடிட் தேவை. மூன்று கிரெடிட் கொண்ட ஒரு பாடம் 120 மணி நேரத்தைக் கேட்கிறது. வகுப்பில் உட்காரும் நேரம் அதில் ஒரு பகுதிதான்.

முன்னே கண்ட கிள்ளான் மாணவியையே எடுத்துக்கொள்வோம். அவள் இரண்டாம் ஆண்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தப் பருவத்தில் 18 கிரெடிட் எடுக்க விரும்புகிறாள். அதற்கு 720 மணி நேரம் வேண்டும். வகுப்புகள், மீள்பார்வை வாரம், தேர்வு எல்லாம் சேர்த்துப் பருவம் 18 வாரம் எனக் கொண்டால், வாரத்துக்கு 40 மணி நேரம். அவள் விடுதியில் தங்கவில்லை. கிள்ளானில் கொமுட்டர் ஏறி, அப்துல்லா ஹுக்கூம் நிலையத்தில் இறங்கி, எல்.ஆர்.டி.க்கு மாறி, யுனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்கிறாள். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால் ஐந்து நாளுக்கு 15 மணி நேரம். வார இறுதியில் ஜாலான் தெங்கு கெலானாவிலுள்ள ஒரு துணிக்கடையில் நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை. மொத்தம் 71 மணி நேரம். இதில் வீட்டு வேலையும் உறக்கமும் சேரவில்லை.

நல்ல ஆலோசகர் பாடங்களின் பெயரைக் கேட்பதற்கு முன், “நீ எங்கிருந்து வருகிறாய்? வேலை ஏதும் செய்கிறாயா?” என்று கேட்பது இதனால்தான். மாணவர்களுக்கு இது சொந்த விசயத்தில் தலையிடுவது போலத் தோன்றலாம். ஆனால், அந்த விடை தெரியாமல் 18 கிரெடிட் சரியா, 15 கிரெடிட் சரியா என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

இனி ஆலோசகரின் மேசைக்கு வருவோம். பதிவு தொடங்குவதற்கு ஐந்தாறு வாரங்களுக்கு முன்பு அவர் என்ன செய்துகொண்டிருப்பார்? பெரும்பாலும் நடப்புப் பருவத்தின் இடுபணிகளைத் திருத்திக்கொண்டிருப்பார். தேர்வுத் தாள் தயாரிக்கும் வேலையும் அப்போதுதான் வரும். ஆயத்தம் செய்வதற்கு இதைவிட மோசமான காலம் இல்லை. ஆனால், வேறு காலமும் இல்லை. அவருக்கு 25 மாணவர் ஒதுக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். ஒருவருக்கு 20 நிமிடம் என்றால் 500 நிமிடம்; எட்டு மணி நேரத்துக்கும் மேல். பதிவு வாரத்தில் இதைச் செய்ய முயன்றால் யாருக்கும் ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது. அந்த ஐந்து நிமிடத்திலும் கதவுக்கு வெளியே நால்வர் நின்றுகொண்டிருப்பர். புலனத்தில் நள்ளிரவு வரை செய்திகள் வந்து குவியும். வெள்ளம் வருமுன் அணை போடு என்பது இங்கே வெறும் பழமொழி அன்று.

அனுபவமுள்ள ஆலோசகர் எல்லாரையும் ஒரே வரிசையில் அழைப்பதில்லை. இறுதியாண்டு மாணவர்களின் பெயர்கள் முதலில் வரும். அவர்களுக்கு இன்னும் எத்தனை கிரெடிட் தேவை, எந்தக் கட்டாயப் பாடம் மிச்சம், பொதுப் பாடங்கள் முடிந்தனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப்படும். நெறியும் நாகரிகமும், மெய்யியலும் நடப்புச் சிக்கல்களும் பற்றிய பொதுப் பாடங்களை ‘எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்’ என்று தள்ளிப்போட்டு வந்தவர்கள் அகப்படுவது இங்குதான். துறைப் பாடங்கள் அனைத்திலும் தேறியிருப்பார்கள். இரண்டு கிரெடிட் குறைவதால் பட்டமளிப்பு தள்ளிப்போகும்.

அடுத்து, தரப்புள்ளி சரிந்த மாணவர்கள். தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் 1997இல் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து, நம் நாட்டு மாணவர் பலரின் படிப்பு அதன் கடனுதவியை நம்பியே நடக்கிறது. அந்தக் கடன் தொடர்ந்து கிடைக்க மாணவரின் தரப்புள்ளி 2.00க்குக் குறையக் கூடாது. கடன் வழங்கப்படும் காலத்துக்கும் வரம்பு உண்டு. ஆகவே, சென்ற பருவத்தில் தடுமாறிய மாணவர், தோற்ற பாடத்தையும் புதுப் பாடங்களையும் ஒருசேரச் சுமந்து மறுபடியும் விழுந்தால், இழப்பு மதிப்பெண் பட்டியலோடு நிற்பதில்லை. அது வீட்டு வாடகை வரை எட்டும். இத்தகைய மாணவர்கள்தாம் ஆலோசகரைத் தேடி வருவதில் கடைசியாக நிற்பார்கள். வெட்கம் அவர்களைத் தடுக்கும். அதனால் ஆலோசகரே அழைக்க வேண்டும். பொதுக் குழுவில் அல்ல, தனியே.

எல்லாவற்றையும்விட நுட்பமானது முன்தேவைப் பாடங்களின் சங்கிலி. ஒரு பாடத்தை முடித்தால்தான் அடுத்த பாடத்தை எடுக்கலாம் என்ற விதி பல இடங்களில் உண்டு. மொழியியல் அறிமுகம் படிக்காதவர் ஒலியனியல் வகுப்பில் திணறுவார். ஆய்வு நெறிமுறை கற்காதவர் இறுதியாண்டு ஆய்வேட்டைத் தொடங்க முடியாது. சங்கிலியின் சில கண்ணிகள் ஆண்டுக்கு ஒரு பருவத்தில் மட்டுமே கற்பிக்கப்படும். அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

நம் கிள்ளான் மாணவி ஆலோசகரின் அறைக்கு வந்தபோது கையில் ஐந்தாறு பாடங்களின் பட்டியல் இருந்தது. அதில் ஆய்வு நெறிமுறை இல்லை.

“ஏனம்மா விட்டுவிட்டாய்?”

“திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வகுப்பு, டாக்டர். கிள்ளானிலிருந்து ஆறரைக்கே கிளம்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை மூடவே இரவு பத்தாகிவிடுகிறது. அடுத்த பருவம் எடுத்துக்கொள்கிறேன்.”

“அடுத்த பருவத்தில் அந்தப் பாடம் இல்லை. அடுத்த ஆண்டு இதே பருவத்தில்தான் வரும்.”

மாணவி நிமிர்ந்து பார்த்தாள். ஆலோசகர் தாம் முன்பே வரைந்து வைத்திருந்த தாளைத் திருப்பிக் காட்டினார். அதில் அவளுடைய எஞ்சிய பருவங்கள் கட்டங்களாக இருந்தன. ஆய்வு நெறிமுறை ஓராண்டு தள்ளினால் ஆய்வேடும் ஓராண்டு தள்ளும். ஆய்வேடு மட்டும் மிச்சமிருக்க, மற்ற எல்லாப் பாடங்களையும் முடித்துவிட்டு அவள் ஒரு கூடுதல் ஆண்டின் வாசலில் நிற்பாள். கடன் காலம் அதற்குள் முடிந்துவிடும்.

கணினி இதைச் சொல்லாதா என்று கேட்கலாம். சொல்லும், ஆனால், கதவருகே வந்த பிறகுதான் சொல்லும். ஆய்வேட்டைப் பதிவு செய்ய முயலும் நாளில், முன்தேவைப் பாடம் முடிக்கப்படவில்லை என்று திரையில் ஒரு வரி தோன்றும். அதற்கு ஓராண்டு முன்பு, ஆய்வு நெறிமுறையை விட்டுவிட்டு வேறொரு பாடத்தை எடுத்த அன்று, கணினிக்கு அதில் குறையொன்றும் தெரியாது. அவள் எடுத்த பாடங்கள் ஒவ்வொன்றும் விதிப்படி சரியானவையே. ஒரு பருவத்தை மட்டும் பார்க்கும் கண்ணுக்குச் சரியாகத் தெரிவது, முழுப் படிப்பையும் பார்க்கும் கண்ணுக்குத் தவறாகத் தெரிகிறது. அந்த இரண்டாவது கண்ணாக இருப்பதற்குத்தான் ஆலோசகர்.

இனிச் சிக்கலைத் தீர்க்க வேண்டும். எட்டு மணி வகுப்பை எடு என்று கட்டளையிட்டுவிட்டுப் பேச்சை முடிப்பது எளிது. அமெரிக்கக் கல்வியாளர் பர்ன்ஸ் குரூக்ஸ்டன் 1972இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இவ்வகை ஆலோசனையை மருத்துவர், நோயாளி உறவோடு ஒப்பிட்டார். மருத்துவர் மருந்து எழுதித் தருகிறார். நோயாளி வாங்கிச் செல்கிறார். விளைவு சரியில்லையென்றால் பழி மருத்துவருக்கு. இதற்கு மாறாக, ஆலோசனை கூறுவதும் ஒருவகைக் கற்பித்தலே. முடிவெடுக்கும் பொறுப்பில் மாணவருக்கும் பங்கு உண்டு என்றார் அவர். கல்வி ஆலோசனை பற்றிப் பேசுவோர் இன்றும் அக்கட்டுரையைச் சுட்டுகின்றனர். ஆனால், பதிவு வாரத்தின் ஐந்து நிமிடத்தில் மருந்துச்சீட்டு மட்டுமே எழுத முடியும். கற்பிக்க வேண்டுமானால் முன்கூட்டியே சந்தித்தாக வேண்டும்.

ஆகவே, இருவரும் கட்டங்களின் மேல் குனிந்தனர். ஆய்வு நெறிமுறை உள்ளே வந்தது. பாடங்கள் 18 கிரெடிட்டிலிருந்து 15ஆகக் குறைந்தன. குறைந்த மூன்றை எஞ்சிய பருவங்களில் பகிர்ந்து வைக்க இடம் இருந்தது. ஞாயிறு மாலை வேலையைச் சனிக்கு மாற்ற முடியுமா என்று கடை முதலாளியைக் கேட்பதாக மாணவி சொன்னாள். திங்கட்கிழமை பயிற்சி வகுப்பைச் செவ்வாய்க்கு மாற்ற ஆலோசகர் சக விரிவுரையாளரைத் தொலைபேசியில் அழைத்தார். அது நடந்தது. ஆனால், பட்டியலிலிருந்து ஒரு பாடம் வெளியேற வேண்டியிருந்தது. அவள் ஆசையோடு சேர்த்திருந்த சங்க இலக்கிய விருப்பப் பாடம்தான் அது.

இங்கே ஆலோசகருக்கு வேறொரு கவலை. தமிழ் போன்ற சிறிய துறைகளில் ஒவ்வொரு மாணவரும் ஓர் எண்ணிக்கை. ஒரு விருப்பப் பாடம் நடக்கக் குறைந்தது பத்துப் பேர் வேண்டும் எனத் துறை முடிவு செய்திருந்தால், ஒன்பது பேர் பதிந்த பாடம் அந்தப் பருவத்தில் மூடப்படலாம். ஒருமுறை மூடப்பட்ட பாடம் அடுத்த முறை திறக்கப்படும் என்பதற்கும் உறுதியில்லை. அதைக் கற்பிக்க வேண்டியவர் வேறு பாடத்துக்குப் போய்விடுவார். மாணவியின் நன்மைக்காக ஒரு பாடத்தை நீக்கச் சொல்லும்போது, தம் துறையின் பாடம் ஒன்றையே வலுவிழக்கச் செய்கிறோம் என்பது ஆலோசகருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் அதை நீக்கச் சொன்னார். அந்த இடத்தில் அவர் மாணவியின் ஆலோசகர். துறையின் காவலர் அல்லர்.

ஆனால், தாளின் ஓரத்தில் அவர் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார். 25 மாணவர்களையும் சந்தித்து முடித்த பின்னர் அக்குறிப்புகளைக் கூட்டிப் பார்த்தால், எந்தப் பாடத்தை எத்தனை பேர் விரும்புகின்றனர், எந்த நேரத்தில் எத்தனை பேருக்கு மோதல் வருகிறது என்பது தெரியவரும். பதிவு திறப்பதற்கு மூன்று வாரம் இருக்கும்போது அதைத் துறைத் தலைவரிடம் கொடுத்தால் கால அட்டவணையில் ஒரு வகுப்பை நகர்த்தலாம். பெரிய பாடத்துக்கு இன்னொரு பிரிவு கேட்கலாம். சங்க இலக்கிய வகுப்பை வேறு நேரத்துக்கு மாற்றினால் இன்னும் இருவர் சேரக்கூடும் என்று காட்டலாம். பதிவு திறந்த பிறகு அதே தகவல் ஒரு முறையீடாகத்தான் போய்ச் சேரும்.

மாணவர் தரப்பிலும் ஆயத்தம் உண்டு. வெறுங்கையோடு வந்து “எதை எடுக்கட்டும்?” என்று கேட்பவரைவிட, தம் மதிப்பெண் பட்டியலையும் எஞ்சிய பாடங்களையும் எழுதிக்கொண்டு வருபவருக்கு அந்த 20 நிமிடம் இரட்டிப்பாகும். மாற்று வழியும் தயாராக இருக்க வேண்டும். முதல் பிரிவு நிறைந்தால் எந்தப் பிரிவு, அதுவும் நிறைந்தால் எந்தப் பாடம் என்பதை மணி 9.01க்கு யோசிக்க முடியாது. எஸ்.பி.எம். முடித்து ஆறாம் படிவத்துக்கோ மெட்ரிகுலேசனுக்கோ செல்பவர்களுக்கு இவையெல்லாம் தொலைவில் இருப்பதாகத் தோன்றலாம். ஆனால், பல்கலைக்கழகத்தில் காலடி வைத்த முதல் வாரத்திலேயே இந்தக் கட்டங்கள் அவர்கள் கைக்கு வந்துவிடும்.

மணி 9.00. இரயில் சுபாங் ஜெயாவைத் தாண்டிவிட்டது. மாணவி தன் குறிப்பேட்டிலிருந்த வரிசைப்படி முதலில் ஆய்வு நெறிமுறையைத் தட்டினாள். பக்கம் சுழன்றது. நின்றது. மறுபடியும் சுழன்றது. பெட்டாலிங் நிலையத்தில் கதவுகள் திறந்து மூடியபோது முதல் பாடம் பதிவாகியிருந்தது. அப்துல்லா ஹுக்கூமில் இறங்கி எல்.ஆர்.டி.க்கு நடக்கும்போது நான்கு முடிந்திருந்தன. பொதுப் பாடத்தின் இரு பிரிவுகளும் நிறைந்துவிட்டன.

“டாக்டர், நான்கு பாடம் கிடைத்துவிட்டது. ஆய்வு நெறிமுறையும் கிடைத்தது. பொதுப் பாடம் இரண்டு பிரிவும் நிறைந்துவிட்டது” என்று புலனத்தில் செய்தி அனுப்பினாள்.

சிறிது நேரம் கழித்துப் பதில் வந்தது. “நல்லது. பாடம் சேர்க்கவும் நீக்கவும் இரண்டாம் வாரம் வரை நேரம் உண்டு. பலர் விலகுவார்கள், நாளும் காலையில் ஒருமுறை பார். புதன்கிழமை பத்து மணிக்கு அறைக்கு வா. சங்க இலக்கிய வகுப்புக்கு இதுவரை எட்டுப் பேர் பதிந்திருக்கிறார்கள்.”